மீட்கத் தெரிந்த கை

மகாபாரதத்தின் சௌப்திக பர்வத்தில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று வருகிறது. இரவில் உறங்கிக் கொண்டிருந்தவர்களைக் கொன்ற அசுவத்தாமன், பாண்டவர்கள் தன்னைத் தேடி வந்ததும் ஒரு புல்லை எடுத்து, மந்திரம் ஜபித்து, பிரம்மசிர அஸ்திரமாக ஏவினான். அதைத் தணிக்க அர்ஜுனனும் அதே அஸ்திரத்தை விடுத்தான். உலகமே அழிந்துவிடும் என்று கண்ட வியாசரும் நாரதரும் இரண்டுக்கும் நடுவே வந்து நின்றனர். அவர்கள் சொற்படி அர்ஜுனன் தன் அஸ்திரத்தை மீட்டுக்கொண்டான். அசுவத்தாமனால் மீட்க முடியவில்லை. இருவருக்கும் குரு ஒருவரே, வித்தையும் ஒன்றே. ஆனால் புலன்களை வென்றவனுக்கே அதை மீட்கும் ஆற்றல் உண்டு என்று காவியம் காரணம் காட்டுகிறது.

இன்று நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் பிள்ளைகளைக் கராத்தே முதலிய தற்காப்புக் கலைகளில் பெற்றோர் சேர்க்கின்றனர். அதே வேளையில், 'அடிக்கக் கற்ற பிள்ளைக்குக் கோபம் வளராதா? அகிம்சையைப் போற்றும் இல்லத்தில் இது தகுமா?' என்ற ஐயமும் அவர்கள் உள்ளத்தில் எழுகிறது. இந்த ஐயத்திற்கு அசுவத்தாமன் கதையிலேயே விடை இருக்கிறது.

பயிலும் இடம்

கராத்தே பயிலும் கூடத்திற்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'டோஜோ'. புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் 'போதிமண்டம்' என்ற வடசொல்லைச் சீன பௌத்தர்கள் மொழிபெயர்த்தனர். அந்தச் சொல்லே ஜப்பானில் டோஜோ ஆயிற்று. முதலில் அது தியானமும் வழிபாடும் நடக்கும் இடத்தையே குறித்தது. ஒக்கினாவாவில் பிறந்து, கராத்தேயை ஜப்பான் எங்கும் பரப்பிய புனகோஷி கிச்சின் (1868–1957), முதலில் கை ஓங்குவது இக்கலையின் நெறி அன்று என்று தம் மாணவருக்கு வலியுறுத்தினார்.

கேரளத்தில் 'களரி' என்ற சொல்லுக்கும் இத்தகைய விரிந்த பொருள் உண்டு. போர்க்கலை பயிலும் இடம் களரி. குழந்தைகள் எழுத்தறியும் இடமும் 'எழுத்துக்களரி'. உடலும் அறிவும் பண்படும் இடங்களை நம் முன்னோர் ஒரே பெயரால் அழைத்தனர்.

படிப்படியான கல்வி

வடக்கன் களரி, தரையைத் தோண்டி அமைத்த, ஏறத்தாழ 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உள்ள மண் தளமாகும். அதன் தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை இருக்கும். மாணவன் வலது காலை எடுத்து வைத்து, மண்ணைத் தொட்டு வணங்கி, பூத்தறையையும் குருவையும் பணிந்த பிறகே பயிற்சியைத் தொடங்குவான்.

முதல் நிலை 'மெய்த்தாரி'. இதில் ஆயுதம் கிடையாது. தன் உடலை வசப்படுத்துவதே பாடம். அடுத்தது கோல் பயிலும் 'கோல்தாரி'. அதன்பின் வாளும் கேடயமும் பயிலும் 'அங்கத்தாரி'. 'வெறுங்கை' இறுதியில் வருகிறது. ஆயுதம் ஏதுமின்றி எதிரியின் மர்மத் தானங்களை அறிந்து செயல்படும் இந்த நிலையை எல்லா மாணவருக்கும் குரு எளிதில் கற்பிப்பதில்லை. பல ஆண்டுகள் உடன் பழகி, மாணவனின் பொறுமையையும் ஒழுக்கத்தையும் கண்டறிந்த பிறகே கற்பிக்கிறார்.

இங்கே ஓர் உண்மை கருதத்தக்கது. சுசுருதர் 107 மர்மங்களைக் கூறியது, வைத்தியன் அவற்றைக் காக்க வேண்டும் என்பதற்காகவே. களரி ஆசானும் வைத்தியரே. எந்த இடத்தில் அடித்தால் உயிருக்கு ஆபத்து என்று அறிந்த அதே விரல்கள், சுளுக்கையும் முறிவையும் குணப்படுத்துகின்றன. ஏவுதலையும் மீட்டலையும் சேர்த்தே கற்பிக்கும் கல்வி இது.

வடகரையில் ஒரு களரி

கோழிக்கோடு மாவட்டத்தின் வடகரையில், 1949-இல் ராகவன் குருக்கள் 'கடத்தநாடன் களரி சங்கம்' என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். ஏழு வயதில் அவரிடம் பயிலத் தொடங்கிய மீனாட்சி அம்மா, பின்னர் அவருடைய வாழ்க்கைத் துணையானார். அவருடைய காலத்திற்குப் பின் தாமே குருவாக நின்று கற்பித்து வந்தார். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது அவர் எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். அப்போதும் சேலையை வரிந்து கட்டி வாள் சுழற்றினார். இக்களரியில் சாதி, மதம், ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. கட்டணம் என்று எதுவும் விதிப்பதில்லை. மாணவர் விரும்பி அளிக்கும் குருதட்சிணையே உண்டு. சிறுவரும் பெரியவரும் ஒரே மண்ணில் பயில்கின்றனர்.

அச்சமின்மை எது?

இளமையில் கல்கத்தாவில் நவகோபால் மித்திரரின் உடற்பயிற்சிக் கூடத்தில் பயின்றவர் சுவாமி விவேகானந்தர். 1897-இல் சென்னையில் உரையாற்றியபோது, இளைஞர்கள் முதலில் உடல் வலிமை பெற வேண்டும், அப்போதுதான் கீதை நன்கு விளங்கும் என்று அவர் வற்புறுத்தினார். கீதையின் பதினாறாம் அத்தியாயமும் தெய்வீகப் பண்புகளை வரிசைப்படுத்தும்போது அபயத்தையே, அதாவது அச்சமின்மையையே, முதலில் வைக்கிறது. அடுத்த சுலோகத்தில் அகிம்சை வருகிறது. அஞ்சுபவன் அடிக்காமல் இருப்பது இயலாமை. அடிக்க வல்லவன் அடிக்காமல் இருப்பதே அகிம்சை.

ஆனால் அச்சமின்மை வேறு, துணிச்சலைக் காட்டிக்கொள்வது வேறு. இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானல் மலைப்பகுதியில் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைக்கும் மக்கள் இதை நன்கு அறிவர். அரிசியைத் தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்து வந்த 'அரிக்கொம்பன்' என்ற காட்டு யானை 2023 ஏப்ரல் 29 அன்று அங்கே பிடிக்கப்பட்டு, பெரியார் புலிகள் காப்பகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. யானை நடமாடும் பாதையில் செல்பவன் பதறி ஓடுவதும் தவறு, எதிர்த்து நிற்பதும் தவறு. நிதானமாக நின்று, அறிந்து, விலகுபவனே தப்புகிறான். களரி பயின்றவனிடத்தில் எதிர்பார்க்கப்படுவதும் இந்த நிதானமே.

எல்லா வயதினருக்கும்

முதுமையில் உடற்பயிற்சி வேண்டாம் என்று ஒதுங்குவது பொருந்தாது. சீனாவின் 'தாய் சி' அசைவுகள் மெதுவானவை. மூச்சோடும் கவனத்தோடும் இணைந்தவை. முதியோர் தடுமாறி விழுவதை இப்பயிற்சி குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 2020-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இளைஞனுக்கு வேகத்தை அடக்கக் கற்பிக்கும் கலை, முதியவருக்கு நிலையாக நிற்கக் கற்பிக்கிறது.

சாதகர் கருத வேண்டியவை

1. பிள்ளையைச் சேர்க்குமுன் ஆசானின் ஒழுக்கத்தைக் காண வேண்டும். பதக்கங்களின் எண்ணிக்கை அதற்குப் பின்னரே.

2. பயிற்சிக்குப் பிறகு வீட்டில் சொல்லும் செயலும் மென்மையாகின்றனவா என்று கவனிக்க வேண்டும். முரட்டுத்தனம் வளர்ந்தால் கல்வி பாதியில் நிற்கிறது என்று பொருள்.

3. பெரியவர்களும் நாள்தோறும் சிறிது நேரம் உடலைப் பயிற்றுவிக்க வேண்டும். உடல் இறைவன் தந்த கருவி. கருவியைத் துருப்பிடிக்க விடுவது பக்தி ஆகாது.

களரியில் ஓங்கிய கை பாதியில் நிற்கக் கற்கிறது. நாவில் எழுந்த கடுஞ்சொல்லையும், மனத்தில் எழுந்த சினத்தையும் அவ்வாறே பாதியில் மீட்க வல்லவனே உண்மையான வீரன். அர்ஜுனன் வென்றது அந்தக் களத்தில்தான்.