இன்டேக் கிட் மாட்டும்போது எந்த ஹோஸ், எங்கே?

கோன் ஃபில்டரையும் அலுமினியக் குழாயையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள், ஹோஸ் விஷயத்தில் மட்டும் பெட்டியில் என்ன வந்ததோ அதையே மாட்டிவிடுகிறார்கள். மாட்டியபின் ஐடிலிங்கில் வண்டி நடுங்கினால், செக் இன்ஜின் விளக்கு எரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த இணைப்புகளைத்தான். மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள பெட்ரோல் வண்டியில், சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே சிறு இடுக்கு இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். அதற்கேற்ற பெட்ரோல் கிடைக்காமல் கலவை மெலியும். ஸ்கேனரில் பி0171 காட்டும்.

பெரிய குழாய்களை இணைக்க சிலிகானா, ரப்பரா? டர்போ இல்லாத வண்டிக்கு நல்ல இபிடிஎம் ரப்பரே போதும், விலையும் குறைவு. எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஓடும் குழாய் என்றால் சிலிகான் எடுங்கள். சூட்டை அதிகம் தாங்கும். டர்போ உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொள்ளும் என்பதால் கம்பி வைத்ததே சரி. ஃபில்டர் பாடியில் பிடித்திருக்க, இன்ஜின் மட்டும் ஆடும் இடத்தில் நடுவே புடைப்புள்ள ஹோஸ் அந்த அசைவை வாங்கிக்கொள்ளும்.

ஆனால் என்னைக் கேட்டால், அதிகக் கவனம் தேவைப்படுவது விரல் கனமுள்ள பிரீதர் ஹோஸுக்குத்தான். இன்ஜினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவி இதில் படுகிறது. சாதாரண சிலிகான் அந்த ஆயிலில் ஊறி உப்பும், வெளியே கசியும், தூசி அப்பிக்கொள்ளும். கலர் பொருத்தத்துக்காக அதைப் போடாதீர்கள். இங்கே நைட்ரைல் ரப்பர் போடலாம். சூடு அதிகம் என்றால் உள்பூச்சாக ஃப்ளூரோசிலிகான் கொடுத்த ஹோஸ். சிலர் பிரீதரைக் கழற்றி நுனியில் குட்டி ஃபில்டர் செருகிவிடுகிறார்கள். சென்சார் அளக்காத காற்று அந்த வழியாகவும் நுழையும். வாயை அடைத்துவிடுவது அதைவிடக் கேடு: உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் போகும். சென்சாருக்குப் பின்னால் புதுக் குழாயில் உள்ள முனையிலேயே அதைச் செருகுங்கள். முனை இல்லாத கிட்டை வாங்காதீர்கள்.

புதுப்பேட்டையில் பழைய உதிரி தேடுவது நல்ல பழக்கம்தான். ஹோஸுக்கு மட்டும் அது வேண்டாம். இறுகிப்போன ரப்பர் மறுபடி கவ்வாது.

கிளாம்ப்: சாதாரண திருகு கிளாம்பின் வெட்டுகள் சிலிகானைக் கடித்துவிடும், உள்பட்டை மூடியதாகக் கேளுங்கள். டி-போல்ட் கிளாம்ப் டர்போ அழுத்தம் உள்ள பக்கத்துக்கு. பிரீதருக்கு ஸ்பிரிங் கிளாம்ப் நல்லது. ரப்பர் தளர்ந்தாலும் பிடி விடாது.

குழாய் ஹோஸுக்குள் 25 மில்லிமீட்டராவது போகட்டும். வழுக்கலுக்கு ஆயில் தடவாதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும். ஒருமுறை நன்றாகச் சூடேற ஓட்டி, ஆறியபின் கிளாம்புகளை மறுபடி அரைச் சுற்று பாருங்கள்.