வலிப்பு மாத்திரையை அடைமழைக்காலத்தில் காப்பது எப்படி?

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எனப் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அது இன்னும் கூடும். உங்கள் வீட்டில் யாரேனும் வலிப்புக்குக் கார்பமசபின் மாத்திரை சாப்பிட்டால், அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இன்றே பாருங்கள்.

மாத்திரைக்குள் மருந்து நுண்ணிய படிகங்களாக இருக்கிறது. ஒரே மருந்து வெவ்வேறு அமைப்புகளில் படிகமாகலாம். இதற்குப் பாலிமார்பிசம் (பல்படிக வடிவம்) என்று பெயர். மருந்து அதேதான், மூலக்கூறுகள் அடுக்கப்பட்ட விதம் மாறுவதால் கரையும் வேகம் மாறிவிடும். எனவேதான் மருந்து ஆலைகளில் கரைப்பான், குளிரவைக்கும் வேகம், விதைப்படிகம் (படிகம் வளரத் தொடக்கமாக இடும் சிறு துகள்) ஆகியவற்றை ஆராய்ந்து, வேண்டிய வடிவத்தை மட்டும் வரவழைக்கிறார்கள். ரிட்டோனவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தில், எளிதில் கரையாத புதிய படிக வடிவம் தோன்றியதால், 1998-இல் அதன் கேப்சூல்களையே சந்தையிலிருந்து விலக்க நேர்ந்தது.

கார்பமசபின் நீரற்ற படிகமாகத் தயாராகிறது. ஈரம் ஏறினால் டைஹைட்ரேட்டாக (நீர் சேர்ந்த படிகம்) மாறி, மாத்திரை இறுகும். வயிற்றில் சரியாகக் கரையாது. ஈரத்தில் வைத்த மாத்திரை மூன்றில் ஒரு பங்கு ஆற்றலை இழக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1990-இல் எச்சரித்தது.

மாத்திரை கல்லாக இறுகுவது, நிறம் மாறுவது, ஒன்றோடொன்று ஒட்டுவது ஆகியவை அறிகுறிகள். வெளியே ஒன்றும் தெரியாமலும் போகலாம். கட்டுக்குள் இருந்த வலிப்பு திரும்ப வந்தால், வேளை தவறியதா என்பதோடு மாத்திரை இருந்த இடத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரையை அதன் பட்டையிலேயே வைத்திருங்கள். வேளைக்கு மட்டும் பிரியுங்கள். இறுக மூடும் டப்பாவில் போட்டு, அடுப்படி, குளியலறை, சன்னல் மாடம் தவிர்த்து உலர்ந்த அலமாரியில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் நீர் பூக்கும். சந்தேகமான மாத்திரைகளை மருந்தாளுநரிடம் காட்டிப் புதியவை பெறுங்கள்.

நனைந்த மாத்திரையை வெயிலில் உலர்த்துவதாலோ அரிசிப் பானையில் போடுவதாலோ பழைய படிகம் திரும்பாது. ஆற்றல் குறைந்திருக்கும் என்று நீங்களாகவே இரண்டு மாத்திரை கொடுக்காதீர்கள். அளவு மிஞ்சினால் ஆபத்து. பயந்து மருந்தை நிறுத்தவும் வேண்டாம். திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். புதிய மாத்திரை கிடைக்கும்வரை என்ன செய்வதென்று மருத்துவரிடம் அன்றே கேளுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ திணிக்காதீர்கள். வாயிலும் எதுவும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைக் கவனியுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.