பழைய டிசைன் சாஃப்ட்வேர், புதிய கம்ப்யூட்டர்: 10 குறிப்புகள்

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு டிசைன் போடுபவர்களில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் முடிந்தது. இப்போது புதிதாக வாங்கினால் விண்டோஸ் 11தான் வரும். சாஃப்ட்வேர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்; மாதக்கணக்கில் போட்ட யாளியும் அன்னப்பட்சியும் போனால் திரும்பப் போட்டுத்தான் ஆகவேண்டும். ஆகவே, டிசைனைக் காப்பாற்றிவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

1. பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே ஒவ்வொரு டிசைனையும் திறந்து, பிஎம்பி ஃபைலாகவும் ஒரு பிரதி சேமியுங்கள். சாஃப்ட்வேரின் சொந்த ஃபைல் பெரும்பாலும் அந்த சாஃப்ட்வேரில் மட்டுமே திறக்கும். பிஎம்பி அநேகமாக எல்லாவற்றிலும் திறக்கும்.

2. ஜேபெக் ஃபைலாகச் சேமிக்கவே கூடாது. ஃபைல் அளவைக் குறைப்பதற்காக அது நிறங்களின் ஓரத்தைக் கலக்கிவிடும்; சிவப்பும் மஞ்சளும் சேரும் இடத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் முளைக்கும். டிசைனில் ஒரு புள்ளி என்பது கிராஃப் தாளில் ஒரு கட்டம். நிறம் மாறினால் அட்டையில் தப்பான இடத்தில் ஓட்டை விழும், தறியில் வேண்டாத இழை எழும்பும்.

3. சேமித்த ஃபைலின் அகலத்தைச் சரிபாருங்கள். 240 ஹூக்குக்குப் போட்ட டிசைன் என்றால் 240 புள்ளிதான் இருக்கவேண்டும். ஃபைல்மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பகுதியில் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் அளவும் நிறமும் மாறிவிடும்.

4. புதிய கம்ப்யூட்டரில் பழைய சாஃப்ட்வேர் திறக்கவில்லையா? அதன் ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி. அங்கே எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7-ஐத் தேர்ந்தெடுத்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். பல சமயம் இதுவே போதும்.

5. திறக்கிறது, ஆனால் சேவ் ஆகவில்லை என்றால், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் போட்டிருப்பது காரணமாக இருக்கலாம். விஸ்டா காலத்திலிருந்து அந்த ஃபோல்டருக்குள் எழுத விண்டோஸ் எளிதில் விடுவதில்லை. சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு, அதில் மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்.

6. விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 32 பிட் சாஃப்ட்வேர் அதில் ஓடும். 16 பிட் ஓடாது. டாஸ் காலத்து சாஃப்ட்வேராக இருந்தால், டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் ஓட்டிப் பாருங்கள்.

7. டாங்கிள் போட்டால்தான் திறக்கும் சாஃப்ட்வேரா? யுஎஸ்பி டாங்கிள் என்றால் பெரும்பாலும் 64 பிட் டிரைவர் தேவை. டாங்கிள்மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். பழைய பிரிண்டர் போர்ட் டாங்கிளுக்கு யுஎஸ்பி மாற்றுக் கேபிள் பெரும்பாலும் உதவாது. யாரோ தரும் 'கிராக்' காப்பியை நம்பவேண்டாம், வைரஸ் அதோடு சேர்ந்து வரலாம்.

8. எதுவும் பலிக்கவில்லையா? விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, அதற்குள் உங்களிடம் உள்ள பழைய விண்டோஸை ஏற்றுங்கள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடும். யுஎஸ்பி டாங்கிளை அதற்குள் இணைக்க டிவைசஸ் மெனுவில் வழி உண்டு. உள்ளே இருக்கும் பழைய விண்டோஸுக்கு இன்டர்நெட் இணைப்பு மட்டும் கொடுக்காதீர்கள்.

9. பழைய பில், கூலிக் கணக்கு, சங்கக் கடிதம் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம், ஃபைல் கெடவில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது அது. அந்த எழுத்துருவை இன்ஸ்டால் செய்தால் தமிழ் தெரியும். பிறகு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.

10. பழைய கம்ப்யூட்டரை உடனே எடைக்குப் போடாதீர்கள். நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வைத்திருங்கள். அதில் செருகும் பென்டிரைவை முதலில் புதிய கம்ப்யூட்டரில் வைரஸ் ஸ்கேன் செய்யுங்கள். திறக்கும்போதெல்லாம் தேதி பழையபடி மாறினால், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும். தேதி தப்பாக இருந்தால் சில சாஃப்ட்வேரின் லைசென்ஸ் மறுத்துவிடும். புதிய கம்ப்யூட்டரில் எடுத்த டிசைனுக்கு அட்டை அடித்து, தறியில் கொஞ்சம் ஓட்டி, பழைய புடவையின் பார்டரோடு வைத்துப் பாருங்கள். இந்த மாற்றத்தை முகூர்த்த ஆர்டர் குவிந்திருக்கும் வாரத்தில் மட்டும் தொடங்கவேண்டாம்.