பாடம் 7: நக்கவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

நுழையும் முன்

ஊர்விட்டு ஊர் செல்வோர் எவற்றைத் தம்முடன் எடுத்துச் செல்வர்? எவற்றை விட்டுச் செல்வர்? ஓர் ஊர் முழுவதுமே தன் பழைய சமயத்தை விட்டுப் புதியதொன்றை ஏற்குமானால், அவ்வூரின் வாழ்வில் எவை மறையும்? எவை நிலைக்கும்? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு பாடத்தைப் படியுங்கள்.

பாடம்

மாணவர்களே! இடுக்கி மாவட்டத்தின் கோவில்மலையில் மன்னான் பழங்குடியினருக்கு இன்றும் ஓர் அரசர் உண்டு என்பதை உங்களுள் சிலர் அறிந்திருப்பீர்கள். அவர்களைப் போலவே தமக்கெனத் தனி வாழ்க்கைமுறை கொண்ட மக்கள் கடல் நடுவிலும் வாழ்கின்றனர். அவர்கள் நிக்கோபாரியர். அவர்தம் தீவுகளைச் சோழர் கல்வெட்டு 'நக்கவாரம்' என்னும் பெயரால் குறிப்பிடுகிறது.

கார் நிக்கோபார் என்பது ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்புடைய சிறு தீவு. அங்கு வயலும் இல்லை; மலையும் இல்லை. தென்னையும் தாழையும் பன்றியும் மீனுமே மக்களின் செல்வம். தரையிலிருந்து உயரமாகக் கால்கள் நாட்டி, அவற்றின்மேல் வட்டவடிவக் கூரைவீடுகள் அமைத்து வாழ்ந்தனர். பல குடும்பங்கள் சேர்ந்த பெருங்குடும்பம் 'துகேத்' எனப்படும். நிலமும் தென்னையும் தனியொருவருக்கு உரியவை அல்ல, துகேத்துக்கு உரியவை. எனவே, அங்கே ஆதரவற்றவர் என்று எவரும் இருந்ததில்லை.

நோயும் புயலும் ஆவிகளால் வருவன என அம்மக்கள் நம்பினர். இறந்தோரின் எலும்புகளைப் பின்னாளில் தோண்டியெடுத்துப் பெருவிருந்து நடத்தினர். நிக்கோபார்த் தீவுகளில் வியத்தகு வழக்கம் ஒன்றும் இருந்தது. இறந்தவரின் பெயரை எவரும் உச்சரித்தல் கூடாது. அப்பெயர் அன்றாடச் சொல்லாகவும் இருந்தால், அச்சொல்லையே கைவிட்டு வேறு சொல்லை வழங்குவர். இவ்வாறு ஒரு மனிதரோடு ஒரு சொல்லும் மறைந்துபோவதுண்டு.

புதிய சமயம் அங்கு எளிதில் வேரூன்றவில்லை. தரங்கம்பாடி அக்காலத்தில் டேனிஷ்காரர் வசம் இருந்தது. அங்கிருந்து சென்ற மொரேவிய சபையினர் 1768 முதல் 1787 வரை நிக்கோபாரில் தங்கிப் பணியாற்ற முயன்றனர். பலர் காய்ச்சலால் மாண்டனர், எஞ்சியோர் திரும்பினர். 1869இல் தீவுகள் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் வந்தன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமன் என்னும் தமிழர் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊருக்குப் பணியேற்றுச் சென்றார். அவர் சமய ஊழியர், ஆசிரியருங்கூட. தம் ஊரிலிருந்து கடல்கடந்து சென்ற அவர், தீவினரின் மொழியைத் தாம் கற்றார். சிறுவர்க்குப் பள்ளி நடத்தினார். கண்டவற்றை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கற்பிக்கச் சென்றவர் முதலில் கற்றார் என்பதே இதில் நாம் கருதத்தக்கது.

அப்பள்ளியில் பயின்ற தீவுச் சிறுவருள் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். மேற்படிப்புக்காகப் பர்மாவின் மாண்டலே நகருக்கு அனுப்பப்பட்ட அவர், ஆசிரியராகத் தம் தீவுக்கே திரும்பினார். பேச்சாக மட்டும் வழங்கிய தாய்மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். எழுத்தில் ஏறிய சொல், சொன்னவர் மறைந்தாலும் மறைவதில்லை அன்றோ!

1942 முதல் 1945 வரை தீவு ஜப்பானியர் பிடியில் இருந்தது. ஒற்றர் என்று ஐயுற்றுத் தீவினர் பலரைக் கொடுமைப்படுத்திக் கொன்றனர். ரிச்சர்ட்சனும் துன்புற்றார்; ஆயினும் தம் மக்களை விட்டு நீங்கவில்லை. போர் முடிந்தபின், அதுவரை சிலரே ஏற்றிருந்த கிறித்தவ சமயத்தைத் தீவினருள் மிகப் பெரும்பாலோர் ஏற்றனர். ரிச்சர்ட்சன் 1950இல் பேராயரானார். 1952இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினரானார். 1975இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

சமயம் மாறியபின் ஆவிகளைப் பற்றிய அச்சம் தளர்ந்தது. பழைய சடங்குகள் பல குறைந்தன. ஆனால் துகேத் நிலைத்தது. பன்றி விருந்தும் படகுப் போட்டியும் தொடர்ந்தன. தாய்மொழி வழிபாட்டு மொழியாயிற்று.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. மக்கள் தீவின் உட்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். சிறு குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனி வீடு கட்டித் தரப்பட்டது. நல்லெண்ணத்தோடு செய்த உதவிதான் அது. ஆயினும், ஒருகூரையின்கீழ் உண்டு வாழ்ந்த துகேத்தின் பழைய கட்டு அதனால் தளர்ந்தது. சமயமாற்றம் அசைக்காததை வீட்டின் சுவர் அசைத்தது. ஆகவே, ஒரு சமூகத்தை மாற்றுவது கோவிலும் தேவாலயமும் மட்டும் அல்ல. வீடும் தொழிலும் பள்ளியுங்கூட மாற்றும்.

மாணவர்களே! ஏலத்தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைக்க உங்கள் முன்னோர் மலையேறி வந்தனர். இன்று உங்கள் இல்லத்தில் பொங்கலும் உண்டு, ஓணமும் உண்டு. அது இழப்பன்று. ஆனால் பாட்டி பேசும் சொற்களுள் எத்தனை உங்கள் நாவில் இருக்கின்றன? எத்தனை உங்கள் ஏட்டில் இருக்கின்றன? எண்ணிப் பாருங்கள்.

சொல்லும் பொருளும்

ஒற்றர் – உளவு பார்ப்போர்
ஆழிப்பேரலை – சுனாமி
எஞ்சியோர் – மிஞ்சியவர்
ஐயுற்று – சந்தேகப்பட்டு

வினாக்கள்

1. துகேத் என்பது யாது? அதில் ஆதரவற்றவர் இல்லாமைக்குக் காரணம் என்ன?
2. நிக்கோபார்த் தீவுகளில் சொற்கள் மறைந்தமைக்குக் காரணமான வழக்கத்தை விளக்குக.
3. 'கற்பிக்கச் சென்றவர் முதலில் கற்றார்' – இத்தொடர் யாரைக் குறிக்கிறது? ஏன்?
4. 'சமயமாற்றம் அசைக்காததை வீட்டின் சுவர் அசைத்தது' – இக்கருத்தை நீவிர் ஏற்கின்றீரா? காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, அவர்கள் வழங்குவதும் நீங்கள் வழங்காததுமான பத்துச் சொற்களைத் தொகுத்து, பொருளுடன் எழுதி வருக. ஒவ்வொரு சொல்லுக்கும் அருகே அதைச் சொன்னவர் பெயரையும் மறவாது எழுதுக.