விண்வழி இணையமும் விரைவு விளையாட்டும்

வேகப் பந்து வீச்சாளர் ஒருவர் மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் பந்து வீசுகிறார் எனக் கொள்வோம். இது வினாடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர் ஆகும். ஆடுகளத்தின் நீளம் சுமார் 20 மீட்டர். ஆகவே பந்து மட்டையாளரை அடைய அரை வினாடியே ஆகிறது. பந்து வருவதைக் கால் வினாடி தாமதமாகவே கண் காண்கிறது, மட்டையை அசைக்கும் கட்டளையும் கால் வினாடி தாமதமாகவே கையை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன நேரும்? மட்டை அசையத் தொடங்கும்போது ஸ்டம்பு விழுந்திருக்கும். அந்த ஆட்டக்காரர் திறமையற்றவர் என்று நாம் கூறலாமா?

செயற்கைக்கோள் மூலம் இணையம் பெறும் சிற்றூர் மாணவர், இணையவழி விளையாட்டில் நகரத்து மாணவரை எதிர்கொள்ளும்போது இதே நிலை ஏற்படுவதுண்டு. அதன் காரணத்தை இயற்பியல் கொண்டு ஆராய்வோம்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதி

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளன. ஒவ்வொரு வீட்டிற்கும் கம்பிவடம் பதிப்பதென்றால் செலவு கட்டுபடியாகாது. அங்குள்ள பிள்ளைகளுக்காகவே 1951ஆம் ஆண்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிவழிப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர் இணையமும் வான்வழியே வந்தது. இதற்காக 2015, 2016ஆம் ஆண்டுகளில் ‘ஸ்கை மஸ்டர்’ என்னும் இரு செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன.

இவை புவிநிலைச் செயற்கைக்கோள்கள். நிலநடுக்கோட்டிற்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே காலத்தில் இவையும் ஒருமுறை சுற்றி வருகின்றன. ஆதலால் வானில் ஒரே இடத்தில் நிற்பன போலத் தோன்றும். வீட்டுக் கூரையிலுள்ள கிண்ண வடிவ வாங்கியை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். இத்தகைய பாதையைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

அரை வினாடி எங்கே போயிற்று?

நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள். அச்செய்தி வீட்டிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து தரை நிலையத்திற்கு இறங்கி, கம்பிவடம் வழியாக விளையாட்டை நடத்தும் கணிப்பொறியை அடைகிறது. விடையும் அவ்வாறே ஏறி இறங்கி வர வேண்டும். ஆக, விண்வெளிப் பயணம் நான்கு முறை.

4 × 35,786 = 1,43,144 கி.மீ.

கதிரலையின் வேகம் வினாடிக்கு 3,00,000 கி.மீ. எனவே ஆகும் நேரம் 0.48 வினாடி, அதாவது 480 மில்லி வினாடி. செயற்கைக்கோள் நேர் உச்சியில் இல்லாதபோது தொலைவு இன்னும் கூடும். கருவிகள் செய்தியைக் கையாளும் நேரமும் சேர்ந்து, நடைமுறையில் இது 600 மில்லி வினாடியையும் தாண்டுகிறது. சிறந்த பொறியியலாளராலும் 480ஐக் குறைக்க இயலாது. ஒளியின் வேகம் அவர் கையில் இல்லை.

வேகம் வேறு, தாமதம் வேறு

“இணைப்பு நொடிக்கு 25 மெகாபிட் தருகிறதே, போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். அந்த எண் குறிப்பது கொள்ளளவையே. ஆயிரம் மூட்டை ஏற்றிச் செல்லும் சரக்கு ரயிலையும், ஒரே கடிதத்துடன் விரையும் மிதிவண்டிக்காரரையும் ஒப்பிடுங்கள். பக்கத்துத் தெருவிற்குக் கடிதம் முதலில் சேர்வது எவரால்? விளையாட்டிற்குத் தேவை மிதிவண்டி. ஒவ்வொரு அசைவும் மிகச் சிறிய செய்திதான். ஆனால் உடனே சேர வேண்டும். திரைப்படம் பார்ப்பதற்குச் சரக்கு ரயில் நன்றாகவே உதவும்.

கோளைக் கீழே இறக்கினால்?

ஒளியின் வேகத்தை மாற்ற முடியாது; தொலைவைக் குறைக்கலாம். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 2025 வரை பெரும்பாலும் 550 கி.மீ. அளவிலான உயரத்தில் சுற்றின. அப்போது 4 × 550 = 2,200 கி.மீ.; ஆகும் நேரம் ஏறத்தாழ 7 மில்லி வினாடி மட்டுமே! மற்றத் தாமதங்கள் சேர்ந்தும், தரைப்பகுதிகளில் இது பெரும்பாலும் 25 முதல் 60 மில்லி வினாடிக்குள் அமைகிறது. விரைவு விளையாட்டுகளுக்கு இது போதுமானதே. ஸ்கை மஸ்டரை நடத்தும் ஆஸ்திரேலிய அரசு நிறுவனமும் தாழ்பாதைக் கோள்களுக்கு மாற அமேசானுடன் செய்த உடன்பாட்டை 2025ஆம் ஆண்டில் அறிவித்தது.

எனினும் இங்கும் இடர்ப்பாடுகள் உண்டு. தாழ்பாதைக் கோள் வினாடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் ஓடுவதால் ஒரு கோளிலிருந்து மற்றொன்றிற்கு இணைப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாறும் வேளையில் தாமதம் திடீரென ஏறி இறங்கும். உயர்ந்த மரங்கள் வானை மறைத்தால் இணைப்பு அறுபடும். கனமழை நுண்ணலைகளை உறிஞ்சிக் குறிப்பலையை வலுவிழக்கச் செய்யும். மேலும், விளையாட்டுக் கணிப்பொறி சிட்னியில் இல்லாமல் 12,000 கி.மீ. அப்பால் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தால், ஒளியிழையில் போய் வரவே குறைந்தது 120 மில்லி வினாடி ஆகும். ஒளியிழைக்குள் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. தானே!

முடிவு

சதுரங்கம் போன்று முறைவைத்து ஆடும் ஆட்டங்களுக்குப் புவிநிலைக் கோளே போதும். கார்ப் பந்தயம், கால்பந்து முதலிய விரைவு ஆட்டங்களுக்கு அது பொருந்தாது. தாழ்பாதைக் கோள் பொருந்தும். ஒளியிழை வந்துள்ள ஊரில் அதுவே மேலானது. ஆகவே இணைப்பு வாங்குமுன் “எத்தனை மெகாபிட்?” என்பதோடு நிற்காமல், “எத்தனை மில்லி வினாடி?” என்றும் கேளுங்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. 8,000 கி.மீ. உயரத்திலுள்ள கோள் வழியாகச் செய்தி போய் வர ஆகும் குறைந்த நேரம் என்ன?

2. புவியின் ஆரம் 6,371 கி.மீ.; புவிநிலைக் கோளின் சுற்றுக் காலம் 1,436 நிமிடம். கெப்ளரின் மூன்றாம் விதியைக் கொண்டு, 550 கி.மீ. உயரத்திலுள்ள கோளின் சுற்றுக் காலத்தைக் காண்க.

(விடைகள்: 1. ஏறத்தாழ 107 மில்லி வினாடி. 2. ஏறத்தாழ 95½ நிமிடம்.)