எஞ்சினுக்குக் கிராஷ் பார் வாங்குமுன்

மானிப்பாய் ஒழுங்கைகளின் மணலில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தால், எஞ்சினின் பக்க மூடி வெடித்து ஒயில் ஒழுகலாம். அதைத் தடுக்கும் கிராஷ் பாரைத் தெரிவுசெய்யும் முறை:

1. வண்டியின் மொடலுக்கென்றே செய்ததை வாங்கவும். துளை பொருந்தாத பார் அதிர்ந்து தளரும்.

2. சேசியில் பூட்டுவதையே எடுக்கவும். எஞ்சின் மூடியில் பூட்டினால் அடி நேரே அதற்குள் இறங்கும்.

3. அகலத்தை அளக்கவும். பார் எஞ்சினைவிட வெளியே நிற்க வேண்டும். ஹாண்டிலைத் தாண்டினால் வேலியில் கொழுவும்.

4. சீற்றில் இருந்து கியரையும் பிரேக்கையும் மிதித்துப் பார்க்கவும். காலில் முட்டும் பார், விழும்போது காலை நசுக்கலாம்.

5. ஒயில் வடிக்கும் நட்டுக்கும் பிளக்குக்கும் கை போகிறதா என்று பார்க்கவும். மறைத்தால் ஒவ்வொரு சேர்விஸுக்கும் பாரைக் கழற்ற நேரும்.

6. குழாய் முனைகள் மூடியதைத் தெரிவுசெய்யவும். திறந்த முனைக்குள் மழைநீரும் கடற்காற்றின் உப்பும் புகுந்தால் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

7. பூட்டிச் சில நாள் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்கவும். புதுப் பூட்டு அதிர்வில் இளகும்.

8. விழுந்து வளைந்த பாரை மாற்றவும். நிமிர்த்திப் பூட்டினால், நிமிர்த்திய இடம் அடுத்த அடியில் முறியலாம்.