விலை போகாத பெயர்கள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மூட்டையைக் கையில் வைத்திருப்பவருக்கு இன்றைய விலை இன்னதென்று அறிவதில் சிரமமே இல்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் மலைக்கு அப்பால் புற்றடியிலும் நடைபெறும் மின்னணு ஏலத்தில், மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்த வியாபாரிகள் பலரும் ஒரே சமயத்தில் போட்டியிட்டுக் கேட்க, கிலோவுக்கு இவ்வளவென்று திரையில் விலை தீர்ந்துவிடுகிறது. இணைய முகவரிப் பெயர்களை, அதாவது டொமைன்களைப் பதிந்து வைத்து அதிகக் கிரயத்துக்கு மறுவிற்பனை செய்ய உத்தேசிப்பவர்கள், இந்தச் சௌகரியம் அங்கே அறவே இல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஒரு பெயரை விரும்பக்கூடியவர் உலகம் முழுவதிலும் ஒருவரோ இருவரோதான். அவர்களும் வராமலே போகலாம்.

தேனியில் வியாபாரிகளுக்கு இணையதளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலோடு இந்தப் பெயர் வியாபாரத்தையும் சில வருஷங்கள் நடத்திப் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். வாய்ஸ்.காம் என்ற பெயர் 2019-ல் 3 கோடி டாலருக்கு விலைபோன செய்தியைக் காட்டி, நாமும் முயன்றால் என்ன என்று கேட்கும் இளைஞர்கள் இங்கே உண்டு. அத்தகைய ஒற்றைச் சொற்கள் பெரும்பாலும் முந்தைய தலைமுறையிலேயே பதிவாகிவிட்டன; .இன் பெயர்கள் 2005-ல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டபோதும் முந்திக்கொண்டவர்களுக்கே நல்லவை கிடைத்தன.

மிஞ்சியிருப்பவை ஊர்ப் பெயரும் சரக்கின் பெயரும் சேர்ந்தவை. இவற்றிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. உதாரணமாக, கம்பம் என்ற ஊரின் பெயரை ஆங்கிலத்தில் சர்க்கார் வழக்கப்படி 'சி' என்ற எழுத்தில் தொடங்கியும், உச்சரிப்பின்படி 'கே' என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். போதாக்குறைக்கு ஆந்திரத்திலும் ஒரு கம்பம் இருக்கிறது. ஒரு வடிவத்தை நாம் பிடித்து வைத்து விலை சொன்னால், கேட்க வந்தவர் இன்னொரு வடிவத்தைச் சொற்பக் கட்டணத்தில் தாமே பதிந்துகொண்டு போய்விடுவார்.

மேலும், பதிவு என்பது சொந்தமல்ல, குத்தகைதான். ஒரு தடவையில் அதிகபட்சம் 10 வருஷங்களுக்கே பெற முடியும். முதல் வருஷம் சலுகையாகக் கிடைக்கும் பெயருக்கும் மறு வருஷத்திலிருந்து முழுக் கட்டணம் விழும். பெயர் ஒன்றுக்கு வருஷம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 பெயர்களுக்கு 5 வருஷங்களில் 1 லட்சம் ரூபாய் கரைந்திருக்கும்; இதற்கிடையில் இரண்டொரு பெயர்கள் 15,000 ரூபாய் வீதம் விற்றாலும் நஷ்டம் நஷ்டமே.

போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம், அவருடைய தொழிலுக்குப் பொருத்தமென்று நான் கருதிய ஒரு பெயரைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் தங்கிய காயைத் தனியே குவித்துக்கொண்டிருந்த அவர், தலையை நிமிர்த்தாமலே, "தம்பி, டெல்லிக்காரன் எங்கிட்டப் போன்லயே பேசிக்கிறான். வாட்ஸ்அப்புல போட்டோவப் போட்டா வெல முடிஞ்சுபோகுது. இந்தப் பேர வச்சு நான் என்னத்தச் செய்ய?" என்றார். அவர் சொன்னதில் குறை காண எதுவுமில்லை. பல வருஷ நாணயத்தால் தொலைபேசி எண்ணே முகவரியாகிவிட்ட ஒரு பிரதேசத்தில், வெறும் பெயருக்குப் பணம் கொடுக்க யாருக்கும் அவசியமில்லை.

அவசியமுள்ளவரிடம் விற்கலாமே என்றால், அங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. இணைய முகவரிக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டென்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு சின்னத்துக்கு உரியவரிடமே, ஆன செலவுக்கு மிஞ்சிய விலைக்கு விற்கும் பிரதான நோக்கத்தோடு பதிவு செய்திருந்தால், அதையே கெட்ட எண்ணத்துக்குச் சான்றாக .இன் பெயர்களுக்கான தாவா விதிகளும், .காம் பெயர்களுக்கான சர்வதேச விதிகளும் கொள்கின்றன. பெயர் உரியவர் கைக்குப் போய்விடும், நமக்குக் காசு வராது. கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் கொடிப் பந்தலின்கீழ் உழைக்கும் விவசாயிகளின் பிரயாசையால் உண்டான அந்தக் கீர்த்தியை முன்கூட்டிப் பதிந்து வைத்து அவர்களிடமே விலை பேசுவது, சட்டத்தின் பார்வையில் எப்படியாயினும், என் அபிப்பிராயத்தில் நியாயமல்ல.

இவ்வளவுக்கும் பிறகு ஈடுபட விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்வேன். யார் வாங்குவார் என்று ஊகிக்க முடியாத பெயரை வாங்காதீர்கள். யாருடைய சின்னத்தையும் தழுவாத பொதுச் சொற்களில் சிலவற்றோடு நிறுத்துங்கள். புதுப்பிக்கும் தேதி வருமுன் ஒவ்வொன்றையும் தயவு தாட்சண்யமின்றி மறுபரிசீலனை செய்யுங்கள். பதிவான முதல் 60 நாட்களுக்குள் வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவது பெரும்பாலும் இயலாது. முகமறியாதவரிடம் விற்கும்போது, பணத்தை இடையில் வைத்திருந்து பெயர் கைமாறிய பின் விடுவிக்கும் எஸ்க்ரோ சேவை வழியாகவே விற்பதுதான் பத்திரம்.

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகளையும் வியாபாரிகளையும் நான் வேண்டிக்கொள்வது வேறு. இணையதளம் அமைத்துக் கொடுத்தவர், சௌகரியத்தை உத்தேசித்தோ வேறு காரணத்தாலோ, உங்கள் முகவரியைத் தம் பெயரில் பதிந்து வைத்திருக்கக்கூடும். பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறதா, புதுப்பிக்கும் அறிவிப்பு உங்கள் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறதா என்பதை இந்த வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் உடனே மாற்றி எழுதி வாங்கிவிடுங்கள்.